'ஸாரி' சொல்லிவிட்டால் சரியாகிவிடுமா? – வாசகர் கேள்வி பதில்

தொடக்கப் பள்ளியில் குடிமைப் பண்பையும் ஒருவரையொருவர் மதிப்பதையும் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்கள்தான் இந்த முறை அதிகம். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

வாரம் ஒரு பீரியட் நீதிபோதனை. கதை சொல்கிறேன், சுவரெங்கும் பொன்மொழி ஒட்டியிருக்கிறேன். "மற்றவரை மதிக்க வேண்டும்" என்று முப்பது பேரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். மணி அடித்த அடுத்த நிமிடம் குடிநீர்க் குழாயடியில் தள்ளுமுள்ளு. எங்கே தவறுகிறேன்?
– இரண்டாம் வகுப்பு ஆசிரியை

கதையில் தவறில்லை. அந்தக் கதைக்கும் குழாயடிக்கும் நடுவே பாலம் இல்லை, அவ்வளவுதான். ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த மரியாதை, பெரியவர் வந்தால் எழுந்து நிற்பது. தனக்கு முன்னால் நிற்கும் பையனின் முதுகில் சாயாமல் நிற்பதும் அதே மரியாதைதான் என்று அதற்கு யாரும் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஒரு வாரத்துக்கு ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயடி என்றால் குழாயடி மட்டும். அங்கே மரியாதை என்றால் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று உடையுங்கள்: முன்னால் நிற்பவருக்கும் நமக்கும் ஒரு கை நீளம் இடைவெளி, குடித்து முடித்தவர் வந்த வழியில் திரும்பாமல் பக்கவாட்டில் விலகுவது, யாராவது நடுவில் நுழைந்தால் கையால் இழுக்காமல் "நான் உனக்கு முன்னாடி வந்தேன், பின்னாடி நில்லு" என்று வாயால் சொல்வது. அந்த வாக்கியத்தையும் நாம்தான் கொடுக்க வேண்டும். சொல்லத் தெரியாத இடத்தில்தான் கை நீளுகிறது. பிறகு குழாயடிக்கே கூட்டிப்போய், இரண்டு பிள்ளைகளை வைத்து நடித்துக் காட்டி, எல்லாரையும் செய்யச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் தொடர்ந்து மூன்று நாள் வேண்டும். தவறாக நடப்பதை நடித்துக் காட்டுவதாக இருந்தால் அதை நீங்களே செய்யுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் தள்ளுகிற வேடத்துக்குத்தான் போட்டி நடக்கும், மனதில் நிற்பதும் அதுவே.

போதிக்கும் முன் ஒரு கணக்கும் போட்டுப் பாருங்கள். ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்க 20 விநாடி என்று வைத்தால் முப்பது பேருக்கு ஒரு குழாயில் 10 நிமிடம். இடைவேளையே 10 நிமிடம் என்றால் கடைசியில் நிற்கிற பிள்ளை தள்ளத்தான் செய்யும். அந்த வகுப்பை இரண்டு பிரிவாக விட்டாலே பாதிச் சண்டை போய்விடும். நேரமும் இடமும் போதாததை ஒழுக்கக்கேடு என்று நினைத்துக்கொண்டு போதனை செய்வது பல பள்ளிகளில் நடக்கிறது.

வகுப்பு விதிகளைப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். சொல்லிப் பார்த்தேன். 23 விதிகள் வந்தன. அதில் பாதி தண்டனைகள்!
– நான்காம் வகுப்பு ஆசிரியர்

எல்லா வகுப்பிலும் முதல் தடவை இப்படித்தான் வரும். "என்ன விதி வேண்டும்?" என்று கேட்டால் பிள்ளைகள் பெரியவர்களிடம் கேட்டதையே திருப்பிச் சொல்வார்கள். பேசக் கூடாது, ஓடக் கூடாது, மீறினால் வெளியே நிற்க வேண்டும். கேள்வியை மாற்றுங்கள். "போன வாரம் இந்த வகுப்பில் உன்னைப் படிக்க விடாமல் செய்தது எது? உன் மனசு கஷ்டப்பட்டது எப்போது?" ஆளுக்கு ஒரு துண்டுத் தாள், பெயர் வேண்டாம். எழுத வராதவர் படம் வரையலாம். தாள்களைத் தரையில் பரப்பி, ஒரே மாதிரியானவற்றை அவர்களே குவியலாகச் சேர்க்கட்டும். முப்பது தாளும் நான்கைந்து குவியலில் அடங்கிவிடும். குவியலுக்கு ஒரு விதி.

ஐந்துக்கு மேல் போக வேண்டாம், முதல் இரண்டு வகுப்புகளுக்கு மூன்றே போதும். 'கூடாது' என்று முடியும் வாக்கியத்தைச் செய்ய வேண்டியதைச் சொல்லும் வாக்கியமாகத் திருப்புங்கள். "கத்தக் கூடாது" என்றால் எவ்வளவு சத்தம் சரி என்று பிள்ளைக்குத் தெரியாது; "பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் பேசுவோம்" என்றால் தெரியும். "எல்லாரையும் மதிப்போம்" என்பதை விதியாக எழுதாதீர்கள். அதை மீறியதாகவும் காட்ட முடியாது, காத்ததாகவும் காட்ட முடியாது.

பல ஆசிரியர்கள் சறுக்குவது இன்னோர் இடத்தில்: விதிகளை ஏற்கெனவே மனதில் வைத்துக்கொண்டு, அந்தப் பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பிள்ளைகள் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். பாதுகாப்பு போல மாற்ற முடியாத விதிகள் உங்களிடம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: "இந்த இரண்டும் என் முடிவு, மீதி மூன்றும் நம் முடிவு." அது நேர்மை. விதி உங்களையும் கட்டுப்படுத்த வேண்டும். பிள்ளை பேசும்போது குறுக்கே பேசினால் நீங்களும் மீறியவர்தான். ஆறு வாரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி எடுத்து, வேலை செய்யாத ஒன்றையாவது மாற்றுங்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது. கோலி விளையாடும் பிள்ளைகளிடம் விதிகளைப் பற்றிப் பேசிப் பார்த்தார் அவர். சின்னப் பிள்ளைகளுக்கு விதி என்பது பெரியவர்கள் கொடுத்தது, தொடக் கூடாதது. பத்து வயதையொட்டிய பிள்ளைகளுக்கோ, ஆடுகிறவர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றக்கூடியது. நான்காம் வகுப்பு அந்த வாசலில்தான் நிற்கிறது. ஒரு விதி மாறுவதை அவர்கள் கண்ணால் பார்க்கட்டும்.

வாராந்திர வகுப்புக் கூட்டம் நடத்துகிறோம். மூன்றாவது வாரத்திலேயே அது பஞ்சாயத்தாகிவிட்டது. ஒரே பையன் மேல் பன்னிரண்டு புகார்!
– ஐந்தாம் வகுப்பு ஆசிரியை

முதலில் அந்தப் பையனைக் காப்பாற்றுங்கள். இந்த வாரம் கூட்டத்தை நிறுத்திவிட்டு அமைப்பை மாற்றுங்கள்.

பிரான்ஸில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியரின் வழியில் வந்த வகுப்புகளில் சுவரில் ஒரு தாள் தொங்கும். குறை, பாராட்டு, யோசனை என்று அதில் தனித்தனிப் பத்திகள். வாரம் முழுக்கப் பிள்ளைகள் எழுதுவார்கள், வார இறுதிக் கூட்டத்தில் அதை வைத்துப் பேசுவார்கள். இதில் இரண்டு நன்மை. திங்கட்கிழமைக் கோபம் வெள்ளிக்கிழமைக்குள் ஆறிவிடும்; எழுதியவரே "அது முடிஞ்சு போச்சு, டீச்சர்" என்று அடித்துவிடுவார். குறைக்குப் பக்கத்திலேயே பாராட்டும் யோசனையும் காலியாகத் தெரிவதால் அவற்றையும் நிரப்பத் தோன்றும். உங்கள் வகுப்பில் ஒரு மாற்றம் செய்யுங்கள்: குறைப் பத்தியில் ஆளின் பெயர் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதட்டும். "அவன் பந்தைத் தரவே மாட்டான்" என்பது "இடைவேளையில் பந்து சிலரிடமே இருக்கிறது" என்று ஆக வேண்டும். முதலாவதற்குத் தீர்ப்புதான் கிடைக்கும், இரண்டாவதற்குத் தீர்வு கிடைக்கும். இருவருக்கு இடையில் மட்டும் உள்ள தகராறு கூட்டத்துக்கே வரக் கூடாது. அதை அந்த இருவரோடு தனியாக உட்கார்ந்து பேசுங்கள்.

கூட்டம் ஐந்தாம் வகுப்புக்கு 30 நிமிடம், முதல் வகுப்புக்கு 15 நிமிடம். வட்டமாக உட்கார வேண்டும்; வரிசையில் உட்கார்ந்தால் எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார்கள். நடத்துபவர், நேரம் பார்ப்பவர், முடிவைக் குறிப்பவர் என மூன்று பொறுப்பும் மாணவர்களுக்கே, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆள் மாற வேண்டும். முதல் நான்கு கூட்டங்களை நீங்கள் நடத்திக் காட்டுங்கள். போன வாரம் எடுத்த முடிவு என்ன ஆயிற்று என்பதில் தொடங்கி, பாராட்டு, பிறகு அதிகபட்சம் இரண்டு விஷயம். கையில் பேச்சுப் பொருள் ஒன்று, ஒரு மரக்கட்டையோ பந்தோ, சுற்றி வரட்டும். அதைப் பிடித்திருப்பவர் மட்டும் பேசலாம், பேச விருப்பமில்லாதவர் கைமாற்றிவிடலாம்.

முடிவெடுக்கும்போது உடனே கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். "இதை யாரால் ஏற்கவே முடியாது, ஏன்?" என்று முதலில் கேளுங்கள். அந்தக் காரணத்துக்கு ஏற்பத் திட்டத்தைத் திருத்திய பிறகும் ஒத்துவராவிட்டால்தான் வாக்கெடுப்பு. அதுவும் "இரண்டு வாரம் செய்து பார்ப்போம்" என்ற கெடுவோடு. ஒரு மனிதரைப் பற்றி மட்டும் எக்காரணம் கொண்டும் வாக்கெடுப்பு கூடாது. பெரும்பான்மை சேர்ந்து ஒருவரை ஒதுக்கலாம் என்று அங்கே கற்றுக்கொண்டதைப் பிள்ளைகள் வேறெங்கும் போய் மறக்க மாட்டார்கள்.

இரண்டு கூட்டம் தொடர்ந்து ஒரு முடிவும் நிறைவேறாவிட்டால் பிள்ளைகளுக்குச் சலித்துவிடும். அதனால் தொடக்கத்தில் வகுப்பின் கைக்குள் இருக்கும் விஷயங்களை எடுங்கள்: பந்து யாருக்கு எந்த நாள், ஜன்னலோர இருக்கை எப்படி மாறும், புத்தக அலமாரி ஏன் கலைகிறது. பள்ளி நேரத்தை மாற்றுவது போன்றவை வந்தால், "இதை நாம் முடிவு செய்ய முடியாது, தலைமை ஆசிரியருக்குக் கடிதம் எழுதலாம்" என்று சொல்லி எழுத வையுங்கள். யாரிடம் என்ன அதிகாரம் இருக்கிறது, அவரை எப்படி அணுகுவது என்பதும் குடிமைப் பாடம்தான்.

சண்டை போட்டால் இருவரையும் கூப்பிட்டு 'ஸாரி' சொல்லிக் கைகொடுக்க வைக்கிறேன். வாய் ஸாரி சொல்கிறது, கண் முறைக்கிறது. தொடரலாமா?
– ஆசிரியர்

வேண்டாம். கட்டாய ஸாரி ஒரு கடவுச்சொல் மாதிரி. சொன்னால் வெளியே போய்விடலாம் என்று பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள். அடி வாங்கியவருக்கோ அது இரண்டாவது அடி. பொய்யான மன்னிப்பை ஏற்று "பரவாயில்லை" என்று அவரும் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஆற விடுங்கள், குறைந்தது பத்து நிமிடம். அதுவரை இருவரும் தனித்தனி இடத்தில் ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கட்டும். பிறகு இதே வரிசையில் கேளுங்கள்: என்ன நடந்தது? அப்போது நீ என்ன நினைத்தாய்? இதனால் யாருக்கு என்ன ஆயிற்று? இப்போது எதைச் சரிசெய்ய முடியும்? "ஏன் செய்தாய்?" என்ற கேள்வி இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்குப் பிள்ளை சொல்லும் பதில் "அவன்தான் முதல்ல" என்பதாகத்தான் இருக்கும். ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் பேசக் கூடாது. முடித்த பிறகு, கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு நான்கு கேள்வி அதிகம், முதலாவதும் கடைசியும் போதும்.

சரிசெய்வது, கெட்டுப்போனதோடு பொருந்த வேண்டும். கிழிந்த நோட்டை ஒட்டிக் கொடுப்பது, தட்டிவிட்ட கட்டைகளைச் சேர்ந்து அடுக்குவது, எல்லார் முன்னாலும் கேலி செய்திருந்தால் எல்லார் முன்னாலும் திருத்திச் சொல்வது. நோட்டைக் கிழித்ததற்கு மைதானத்தைச் சுற்றி ஓடச் சொன்னால் பிள்ளைக்குக் கால் வலிக்கும், நோட்டு கிழிந்தபடியே இருக்கும்.

தெரியாமல் நடந்ததையும் வேண்டுமென்றே செய்ததையும் பிரித்துப் பேசுங்கள். மேலே சொன்ன பியாஜே, தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த பையன், திருட்டுத்தனமாக ஜாம் எடுக்கப்போய் ஒரே கோப்பையை உடைத்த பையன் என்று இரண்டு கதை சொல்லி, யார் செய்தது பெரிய தப்பு என்று கேட்டார். சின்னப் பிள்ளைகளில் பலர் பதினைந்தைத்தான் சொன்னார்கள். அவர்களுக்குச் சேதத்தின் அளவுதான் தப்பின் அளவு. "அவன் பார்க்கவில்லை, அதனால் இடித்துவிட்டான்" என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லாதவரை இடி வாங்கிய பிள்ளைக்கு அது அடிதான்.

நல்ல நடத்தைக்கு ஸ்டார் கொடுக்கலாமா? எங்கள் பள்ளியில் எல்லா வகுப்பிலும் அட்டவணை தொங்குகிறது.
– பள்ளி நிர்வாகி

அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் 1973இல் வெளியிட்ட பரிசோதனையைச் சொல்கிறோம். படம் வரைவதை விரும்பும் மழலையர் பள்ளிக் குழந்தைகளில் சிலரிடம் வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்ததும் அதைக் கொடுத்தார்கள். சிலருக்கு முன்னறிவிப்பு இல்லாமல் கொடுத்தார்கள். சிலருக்குக் கொடுக்கவே இல்லை. பிறகு சும்மா விட்டபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் மற்ற இரு சாராரையும்விடக் குறைவாகவே பேனாவைத் தொட்டார்கள். தானாக வரும் ஆசைக்கு முன்கூட்டிக் கூலி பேசினால் ஆசை குறைகிறது.

ஒருவருக்கொருவர் உதவுவதில் ஸ்டார் இன்னொரு கெடுதலும் செய்கிறது. உங்கள் கண்ணில் படும் உதவி மட்டும் பெருகும். விழுந்த பென்சிலை எடுத்துக் கொடுத்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும் பிள்ளையை நீங்களே பார்த்திருப்பீர்கள். கை கழுவுவது, பையை மாட்டுவது போன்ற வழக்கங்களைப் பழக்கச் சில வாரம் அட்டவணை வைப்பதில் பெரிய கேடில்லை. மரியாதைக்கு வேண்டாம். அதற்குப் பதில், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். "நீ நகர்ந்து இடம் கொடுத்தாய், அவளால் உட்கார முடிந்தது." "குட் பாய்" தேவையில்லை. அட்டவணையில் ஸ்டாரைப் பறிக்கும் வழக்கமும் இருந்தால் அதை நாளைக்கே நிறுத்துங்கள். மாதக் கடைசியில் காலியாக இருக்கும் பெயர் யாருடையது என்று வகுப்பே வந்து படிக்கிறது.

ஆசிரியர் வெளியே போகும்போது, பேசுகிறவர்கள் பெயரை வகுப்பு லீடர் கரும்பலகையில் எழுதுகிறாள். என் மகன் பெயர் தினமும் வருகிறது. லீடருக்குப் பிடிக்காதவர்கள் பெயர்தான் வரும் என்கிறான்.
– ஒரு தாய்

அவன் சொல்வது உண்மையாக இருக்கவும் வாய்ப்புண்டு. பொய்யாக இருந்தாலும் முறை தவறுதான். ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சாட்சி, காவலர், நீதிபதி என்ற மூன்று வேலையையும் சுண்ணக்கட்டியோடு சேர்த்துக் கொடுத்தால் அது நட்புக்கும் பகைக்கும் பயன்படத்தான் செய்யும். லீடருக்கும் இது நல்லதல்ல. அதிகாரம் என்றால் மற்றவர் பெயரை எழுதுவது என்று அவள் கற்றுக்கொள்கிறாள்.

ஆசிரியரிடம் பேசும்போது மகனுக்காக வாதாடுவதைவிட ஒரு மாற்று யோசனையைக் கொண்டுபோங்கள். ஒரு லீடருக்குப் பதில் பத்துப் பன்னிரண்டு சிறு பொறுப்புகள்: நோட்டுகளைப் பகிர்வது, செடிக்குத் தண்ணீர், விளக்கு மின்விசிறியை அணைப்பது, புதிதாக வந்தவருக்குப் பள்ளியைச் சுற்றிக் காட்டுவது, விடுப்பில் இருந்தவருக்குப் பாடத்தை எடுத்துவைப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும், எல்லாருக்கும் முறை வரும். குறும்புக்காரருக்கும் வரும், அவருக்கு முதலிலேயே வந்தால் இன்னும் நல்லது. ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு வரியில் 'எப்போது, எப்படி' என்று எழுதிய அட்டை வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே செடி வாடும், பழி மட்டும் மிஞ்சும். ஆசிரியர் ஐந்து நிமிடம் வெளியே போக வேண்டியிருந்தால் பலகையில் பெயருக்குப் பதில் ஒரு வேலையை எழுதிவிட்டுப் போகலாம்.

எல்லாவற்றுக்கும் "மிஸ், அவன்…" என்று வருகிறார்கள். கோள் சொல்லாதே என்று அதட்டலாமா?
– முதல் வகுப்பு ஆசிரியை

அதட்டினால் நாளைக்கு நிஜமான ஆபத்தையும் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "யாரையாவது காப்பாற்றுவதற்காகச் சொல்கிறாயா, மாட்டிவிடுவதற்காகச் சொல்கிறாயா?" வலி, பயம், ஆபத்து என்றால் உடனே சொல்ல வேண்டும், யார் ரகசியம் என்று சொல்லியிருந்தாலும் சொல்ல வேண்டும். மற்றதற்கு, "அவனிடம் நீ என்ன சொன்னாய்?" என்று கேட்டு, சொல்ல வேண்டிய வாக்கியத்தைக் கொடுத்துத் திருப்பி அனுப்புங்கள்.

எல்லாரையும் மதி, விட்டுக்கொடு என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்து என் மகளை ஏமாளி ஆக்கிவிட்டார்கள். இரண்டு பெண்கள் மாதக்கணக்காக அவளை ஒதுக்குகிறார்கள், பட்டப்பெயர் வைக்கிறார்கள். ஆசிரியை மூவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசினார். அதன்பின் இன்னும் மோசம்.
– ஒரு தந்தை

உங்கள் கோபம் நியாயமானது. இது சண்டை இல்லை. சண்டை என்றால் இருவருக்கும் ஏறத்தாழ ஒரே பலம் இருக்கும், இன்று டூ, நாளை பழம். துன்புறுத்தலுக்கு மூன்று அடையாளம் என்று இந்த ஆய்வுக்கு முன்னோடியான நார்வேயின் டான் ஓல்வேயஸ் வகுத்தார்: வேண்டுமென்று செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, பலத்தில் ஏற்றத்தாழ்வு. ஒதுக்குவதும் பட்டப்பெயரும் இதில் அடங்கும். சமாதானப் பேச்சு சம பலம் உள்ளவர்களுக்கு. இங்கே நேருக்கு நேர் உட்காரவைத்தால், பலவீனமானவர் சொல்லப் பயப்படுவார், பலமானவர் சிரித்த முகத்தோடு சமாதானமாகிவிட்டு வெளியே போய்ப் பழி தீர்ப்பார். உங்கள் மகளுக்கு நடந்தது அதுதான்.

பள்ளி செய்ய வேண்டியது: மூவரிடமும் தனித்தனியாகப் பேசுவது, அந்த இருவரின் பெற்றோரிடம் நடந்ததைத் தேதியோடு சொல்வது, எங்கே நடக்கிறது என்று உங்கள் மகளிடம் கேட்டு, படிக்கட்டோ கழிப்பறை வழியோ, அங்கே ஒரு பெரியவரை நிறுத்துவது, அடுத்த நாள், அடுத்த வாரம், அடுத்த மாதம் என்று மூன்று முறை அவளிடம் விசாரிப்பது. கடைசியதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். நீங்கள் தேதி, இடம், நடந்தது, பார்த்தவர் என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து அதோடு பள்ளிக்குப் போங்கள். மகளிடம் "நீயும் திருப்பிக் கொடு" என்று சொல்ல வேண்டாம். கொடுத்தால் புகாரில் அவளும் ஒரு கட்சியாகிவிடுவாள்.

வகுப்பில் மற்றவர்களுக்கும் பாடம் உண்டு. கனடாவில் பள்ளி மைதானங்களைப் படம்பிடித்து ஆராய்ந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளில் ஒருவர் தலையிட்டால் பாதிக்கு மேற்பட்ட நேரங்களில் துன்புறுத்தல் 10 விநாடிக்குள் நின்றது. தலையிடுவதுதான் அரிதாக இருந்தது. அதனால் மூன்று எளிய செயல்களைப் பழக்கலாம்: சிரிக்காமல் இருப்பது, பாதிக்கப்பட்டவரை "வா, அங்கே போகலாம்" என்று கூட்டிக்கொண்டு நகர்வது, பெரியவரிடம் சொல்வது. வீரமாக எதிர்த்து நிற்கச் சொல்லவில்லை.

விட்டுக்கொடுப்பது பற்றி ஒரு வார்த்தை. 1989 நவம்பர் 20 அன்று ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் குழந்தை தன் கருத்தைச் சொல்லலாம், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அதற்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது. "எனக்கு இது பிடிக்கவில்லை, நிறுத்து" என்று நிமிர்ந்து சொல்வதைப் பள்ளி கற்றுக்கொடுக்காமல், விட்டுக்கொடுப்பதை மட்டும் கற்றுக்கொடுத்தால் அது பாதிப் பாடம். பெரும்பாலும் அமைதியான பெண் பிள்ளைகள் தலையில்தான் அந்தப் பாதி விழுகிறது.

பிள்ளைகள் ஆசிரியரிடம் 'நீங்க' என்கிறார்கள். பள்ளியைச் சுத்தம் செய்பவரிடம் 'நீ, வா, போ'. எப்படித் திருத்துவது?
– தலைமை ஆசிரியை

முதலில் ஆசிரியர் அறையில் காதைத் தீட்டுங்கள். அங்கே "அவ இன்னும் வரலையா?" என்று கேட்டால், அதைத்தான் பிள்ளைகள் பேசுகிறார்கள். தமிழில் வினைமுற்றே ஆளின் தரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். 'வந்தார்', 'வந்தான்' இரண்டுக்கும் நடுவில் ஒரு சமூகமே இருக்கிறது. பள்ளியில் வேலை செய்யும் பெரியவர் எல்லாருக்கும் ஒரே 'நீங்க' என்று ஆசிரியர் கூட்டத்தில் முடிவெடுங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் பெயர் தெரிய வேண்டும், பெயரோடு அக்காவோ அண்ணனோ சேர்க்கட்டும். பிள்ளைகளைக் கூப்பிடுவதிலும் பாருங்கள்: நன்றாகப் படிப்பவரை 'வாம்மா' என்றும் மற்றவரை 'ஏய்' என்றும் கூப்பிடும் பழக்கம் நம்மை அறியாமலே வரும்.

வாரம் ஒருநாள் கடைசி 10 நிமிடம் தம் வகுப்பைத் தாமே சுத்தம் செய்வது நல்ல வழக்கம். ஆனால் அதைத் தண்டனையாக ஒருமுறை கொடுத்தாலும் போதும், அந்த வேலையும் அதைச் செய்பவரும் மறுபடி கீழே போய்விடுவார்கள். ஆண், பெண் என்று வேலையைப் பிரிக்கவும் வேண்டாம்.

நடக்கச் சிரமப்படும் ஒரு மாணவனை விளையாட்டில் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். 'ஒப்புக்குச் சப்பாணி'யாகச் சேர்த்துக்கொண்டார்கள்.
– உடற்கல்வி ஆசிரியர்

அந்தச் சொல்லே பிரச்சினையைச் சொல்லிவிடுகிறது. சேர்த்தது போலவும் இருக்க வேண்டும், அவன் ஆடினாலும் ஆடாவிட்டாலும் ஆட்டம் மாறவும் கூடாது. அந்தப் பெயரை ஏன் விட வேண்டும் என்று அவன் இல்லாத நேரத்தில் வகுப்பில் பேசுங்கள்.

ஆளைச் சேர்க்கச் சொல்வதற்குப் பதில் ஆட்டத்தை மாற்றுங்கள். மைதானத்தைச் சுருக்கலாம், வேகமாக ஓடும் பந்துக்குப் பதில் காற்று குறைந்த பெரிய பந்து வைக்கலாம், ஓடுவதற்குப் பதில் எல்லாரும் உட்கார்ந்தே ஆடும் ஆட்டம் ஆடலாம், புள்ளி எடுக்கும் முன் அணியில் எல்லாரும் பந்தைத் தொட வேண்டும் என்று விதி வைக்கலாம். எந்த மாற்றம் சரி என்று அவனிடம் முதலில் கேளுங்கள். அவனுக்கு மட்டும் சலுகை விதி வைத்தால் பலருக்குப் பிடிக்காது, பெரும்பாலும் அவனுக்கே பிடிக்காது. நிரந்தரமாக அம்பயர் ஆக்குவதும் கௌரவமான ஒதுக்கல்தான்.

இரண்டு தலைவர்கள் மாறிமாறி ஆள் எடுக்கும் வழக்கத்தையும் விடுங்கள். கடைசியில் நிற்கும் பிள்ளை தினமும் ஒரே பிள்ளையாகத்தான் இருக்கும். சீட்டுக் குலுக்குங்கள்.

குழு வேலை கொடுத்தால் ஒருவரே செய்கிறார், மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். ஒருவரையொருவர் மதிக்க இதுவா வழி?
– நான்காம் வகுப்பு ஆசிரியை

இல்லை. ஒரே தாளும் ஒரே பென்சிலும் கொடுத்தால் வேகமானவர் கைக்கு அது போய்விடும். ஒவ்வொருவரிடமும் மற்றவருக்குத் தேவையான ஒன்று இருக்க வேண்டும். 1971இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில், அதுவரை தனித்தனிப் பள்ளிகளில் படித்த வெவ்வேறு இனப் பிள்ளைகள் ஒரே வகுப்பில் சேர்க்கப்பட்டுப் பதற்றம் நிலவியபோது, உளவியலாளர் எலியட் ஆரன்சன் இதற்காக ஒரு முறையை வகுத்தார். துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் 'ஜிக்சா' புதிர் விளையாட்டின் பெயரே அதற்கும்.

பாடத்தை நான்கு துண்டாக வெட்டுங்கள், துண்டுக்கு ஆறேழு வரி. நான்கு பேர் கொண்ட குழு, ஆளுக்கு ஒரு துண்டு. முதலில் ஒரே துண்டு வைத்திருப்பவர்கள் எல்லாக் குழுவிலிருந்தும் ஒன்றுகூடி 10 நிமிடம் படித்து, எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்க்கிறார்கள். பிறகு தம் குழுவுக்குத் திரும்பி, ஆளுக்கு 3 நிமிடம் மற்றவர்க்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடைசியில் முழுப் பாடத்திலும் தனித்தனியே சிறு தேர்வு. கேட்காதவருக்கு முக்கால் பங்கு தெரியாது, அதனால் இதுவரை பேச விடாத பிள்ளையையும் பேச விட்டுக் கேட்பார்கள்.

கெடுவது மூன்று இடத்தில். இரண்டாம் துண்டு புரிய முதல் துண்டு வேண்டும் என்றால் முறையே குலையும். விலங்குகள், உறுப்புகள், பருவங்கள் போலத் தனித்து நிற்கும் பாடத்தை எடுங்கள். வாசிப்பில் தடுமாறும் பிள்ளை ஒத்திகை இல்லாமல் பேசப்போனால் அவமானப்படும்; ஒத்திகை நேரத்தைக் குறைக்காதீர்கள். அன்று ஒருவர் வராவிட்டால் அந்தத் துண்டை யார் எடுப்பது என்று முன்பே முடிவுசெய்து வையுங்கள்.

இதற்கெல்லாம் மதிப்பெண் எப்படிப் போடுவது?
– ஆசிரியர்

போடாதீர்கள். மரியாதைக்கு மதிப்பெண் போட்டால் நடிப்புக்குத்தான் மதிப்பெண் போகும். ஆனால் வகுப்பை அளக்கலாம், உங்களையும் சேர்த்து. இருக்கை வரைபடம் ஒன்றில், ஒரு பீரியட் முழுக்க யார் பேசினாலும் அவர் கட்டத்தில் ஒரு கோடு போட ஒரு சக ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். எந்தப் பக்கம் காலி, ஆணா பெண்ணா, முன் வரிசையா பின் வரிசையா என்று ஒரே நாளில் தெரியும். அவரிடமே இன்னொன்றும் கேளுங்கள்: கேள்வி கேட்டபின் எத்தனை விநாடி காத்திருக்கிறேன்? மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது சராசரி சுமார் ஒரு விநாடிதான். அதை 3 விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, பேசாதிருந்த பிள்ளைகளும் பேசினார்கள். மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டு ஒரு பெயரைக் கூப்பிடுங்கள். ஒரு மாதம் கழித்து அதே வரைபடத்தை மறுபடி நிரப்பச் சொல்லி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.